கேட்டு வாங்கிய பெயர்

ஸ்டெய்ன்வோருக்கு ஊரில் தைரியசாலி என்று பேர். ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் ஒற்றை ஆளாகச் சுறா அறுக்கிறவளை வேறு எப்படிச் சொல்வார்கள்? அப்படிப்பட்டவள் ஒரு கனவுக்கு வெலவெலத்துப் போனாள். ஏழாம் மாதம் அவளுக்கு. புருஷன் எய்விந்துரின் தங்கை உன்னுர் கனவில் வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். பதினெட்டு வயது முடியுமுன் படகு கவிழ்ந்து கடலோடு போனவள்.

செத்தவர்கள் பிள்ளைத்தாய்ச்சியின் கனவில் வந்தால் எங்களூரில் ஒரே அர்த்தம்தான்: என் பெயரைப் பிள்ளைக்கு வை. மறுத்தால் பிள்ளை தங்காது. வைத்துவிடலாம் என்றால், உன்னுர் என்பது அலைக்குப் பழையவர்கள் சொன்ன பெயர். கடலோடிகள் மகள்களுக்கு ஆசையாய் வைத்தது. அந்த வீட்டிலோ, தங்கைக்கு முன்னால் அத்தை ஒருத்தியும் அதே பெயரோடு அதே கடலில் போயிருந்தாள். ஸ்டெய்ன்வோர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் முறை வந்தவள் உட்காராமலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் பால் குடிக்கவில்லை, உதடு நீலம் பாரித்தது. அவசரமாக ஞானஸ்நானம் கொடுக்கப் போதகர் ஓடி வந்தார்.

"பேர் என்னம்மா?"

"ஹல்பெரா. என் மாமியா பேரு. சீக்கிரம் தண்ணி ஊத்துங்கய்யா," என்றான் எய்விந்துர்.

"இருங்க!" என்று ஸ்டெய்ன்வோர் அலறினாள். "உங்க தங்கச்சி வந்தா. மூணு தடவ வந்தா. நான் பாவி, மறைச்சுட்டேன்."

"கனவாவது மண்ணாவது! புள்ள மூச்சுக்குத் தவிக்குது, இப்பப் போயி…"

"ஒரு கையில உறை இல்லங்க. வலது கை வெறுங்கையா இருந்துச்சு."

எய்விந்துர் போதகரின் கையைப் பிடித்து நிறுத்தினான். படகு கவிழ்ந்தபோது அவன் பற்றியது அந்த வலது கையைத்தான். உறை மட்டும் கையோடு வந்தது, அவள் வரவில்லை. அதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"அவ பேரையே வைங்கய்யா," என்றான். "ரெண்டாந்தடவ அவ கைய விட என்னால ஆகாது."

சாயங்காலம் குழந்தை பால் குடித்தது.

பயம் மட்டும் போகவில்லை. பெயரைக் கேட்டவள் அடுத்து ஆளையே கேட்டால்? படகை விற்க வைத்து, குடும்பத்தோடு உள்நாட்டில் ஆட்டுப்பண்ணைக்குக் குடிபெயர்ந்தாள் ஸ்டெய்ன்வோர். மகளை "குட்டி" என்றே அழைத்தாள், எல்லோரையும் அப்படியே அழைக்க வைத்தாள். அந்தப் பெயரை வாயால் சொன்னால் கடலுக்குக் கேட்டுவிடுமாம். மகள் கம்பளி அலச ஓடைக்குப் போனாலும் பின்னாலேயே நிற்பாள்.

"முழங்கால் தண்ணியில திமிங்கலமா வரப்போகுது?" என்று பக்கத்துப் பண்ணைக்காரிகள் சிரிப்பார்கள்.

"உங்களுக்கென்ன, சிரிங்கடி," என்பாள், கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல்.

கடலோடு போனவள் தாண்டாத பதினெட்டை மகள் தாண்டி மறுநாள் விடிந்தது. ஸ்டெய்ன்வோர் வாசலில் நின்று, மேட்டில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தவளை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்:

"உன்னுர்!"

அவள் நின்று, சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"யாரைம்மா கூப்பிடுற? என்னையா?"