அடைத்து வைத்த குழாய்

1991இல் ஒரகடம் பக்கத்தில் இருந்த எங்கள் தேவாலயத்துக்கு, இடிந்துபோன ஒரு பழைய தேவாலயத்தின் காற்றில் ஊதும் குழாய்களை வைத்து ஆர்கன் என்ற இசைக்கருவியைச் செய்ய ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், பேசும்போதும் கண் கூரையிலேயே இருக்கும். ஆகப் பெரிய குழாயை மட்டும் துணியால் அடைத்திருந்தார்.

பாடகர் குழுவிலிருந்த நான், “இத ஏன் அடைச்சிட்டீங்க அய்யா?” என்றேன்.

“அங்க கூரை வுழுந்தப்ப இதான்மா ஊதிக்கினு இருந்துச்சு. எம் பொண்ணு கீழ நின்னு பாடிக்கினு இருந்தா.”

ஆர்கனோடு நடந்த முதல் ஆராதனையன்று போதகர் அந்தத் துணியை எடுக்கச் சொல்லிவிட்டார். பெரிய குழாய் ஊதியதும் பெஞ்சுகள் அதிர்ந்தன. ஆர்கன் செய்தவர் எங்கள் வரிசைக்குள் புகுந்து, என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்.

கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே பாட்டு தொடர்ந்தது. “பயப்படாத பாப்பா, வெளிய வந்துட்டோம்” என்று அவர் சொன்னார். பாட்டு முடியும்வரை நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.