கறுந்துண்டுப் படையின் தலைமையகம்

பென்னாகரத்தில் எந்தக் குளறுபடி நடந்தாலும் முதலில் மாதுவின் வீட்டுக்குத்தான் ஆள் வரும். பாதிக்கு மேல் சரியான விலாசம்தான். கணக்கு வாத்தியாரின் சைக்கிள் மணிக்குள் ராகிக் களியை அடைத்தது அவன். தருமபுரி பஸ்ஸின் பலகையையும் ஒகேனக்கல் பஸ்ஸின் பலகையையும் மாற்றி மாட்டி, தக்காளிக் கூடையோடு கிளம்பிய பதினோரு பேரை அருவி பார்க்க அனுப்பி வைத்ததும் அவனே. எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தான். மூன்றாம் தரம் பள்ளிக்கூடமே கும்பிடு போட்டுவிட்டது. பதினாறு வயதில் அப்பாவோடு கடலைக்காட்டு வேலை, மாசி பங்குனியில் புளியமரம் உலுக்குவது என்று போய்க்கொண்டிருந்தது பிழைப்பு.

அவன் செய்ததில் ஊருக்கே அர்த்தம் புரியாதது ஒன்று உண்டு.

தருமபுரி ரோட்டோரத்துப் புளியமரங்களுக்கெல்லாம் நம்பர் உண்டு. அடிமரத்தில் சுண்ணாம்புப் பட்டை, அதன்மேல் தாரால் எழுதிய எண். வருடா வருடம் அந்த நம்பரைச் சொல்லித்தான் ஏலம். எழுபதாம் வருடம் மாது நாற்பத்தேழாம் மரத்துக்குப் போய், ஏழின் தலைக்கோட்டை மட்டும் சுண்ணாம்பால் மூடிவிட்டான். மிஞ்சியது கொஞ்சம் சாய்ந்த ஒன்று. ரோட்டில் இப்போது இரண்டு நாற்பத்தொன்று, நாற்பத்தேழைக் காணோம். ஏலம் எடுத்த புளி மாயவனும் இன்னொரு ஏலக்காரரும் பதினைந்து நாள் மல்லுக்கட்டினார்கள். விஷயம் வெளியே வந்ததும் மாயவன் புளியம் விளாராலேயே மாதுவை விளாசினார்.

"எதுக்குடா பண்ண?"

"சும்மா தாங்க மாமா."

சொன்னவன் மாது என்பதால் எல்லோரும் நம்பினார்கள். அடுத்த வருடம் சரிசெய்துவிடலாம் என்று விட்ட நம்பரை யாரும் சரிசெய்யவில்லை.

அந்த மரத்துக்கு ஒரு பழைய கதை இருந்தது. அறுபத்தாறில் தையல்கார நூர் பாஷாவின் கடைக்கு பெங்களூரிலிருந்து பட்டன் சுற்றி வந்த பழைய காகிதங்களுக்கு நடுவில் ஓர் இங்கிலீஷ் படப் புத்தகம் இருந்தது. அட்டை போயிருந்தது. உள்ளே முகமூடி போட்ட நாலு பேர், முதுகில் துணி படபடக்க வானத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். எழுத்து ஒன்றும் புரியாததால் கதையை இவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். இவர்கள் என்றால் மாது, நூர் பாஷாவின் மகன் ஹயாத், டீக்கடைப் பச்சியப்பன், பச்சியப்பனின் தங்கை குள்ளம்மாள். மழைக்காலத்தில் குடை ரிப்பேருக்கு வைத்திருந்த கறுப்புத் துணியில் முதுகில் கட்டிக்கொள்ள ஹயாத் நாலு துண்டு தைத்தான். கறுந்துண்டுப் படை உண்டானது. நாற்பத்தேழாம் மரத்தில் கிளை பிரியும் கவைதான் தலைமையகம். இரண்டு வருடத்தில் படை காப்பாற்றியது ஓர் ஆட்டுக்குட்டி, பக்கத்து வீட்டுக் காசியம்மாளின் இடது கால் செருப்பு.

அறுபத்தெட்டில் ஒருநாள் மாது மரத்துக்குக் கீழே நின்றுகொண்டு கத்தினான்: "குதிடா ஹயாத்து, துண்டு தூக்கிக்கும்!"

ஹயாத் குதித்தான். தைத்தவனே அவன்தானே, துண்டின்மேல் அவ்வளவு நம்பிக்கை. துண்டு தூக்கவில்லை. வலது கால் ஒடிந்து, கோணலாகச் சேர்ந்து, இரண்டு விரற்கடை குட்டையாகிப்போனது. படை அன்றோடு கலைந்தது.

அதற்கப்புறம் ஹயாத் தையல் மெஷினோடு உட்கார்ந்துவிட்டான். கடை, வீடு, வெள்ளிக்கிழமை பள்ளிவாசல். மூன்றும் ஒரே தெரு. அந்தத் தெருவைத் தாண்டுவது காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும். நாலு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாதுவுக்கு, எழுபத்திரண்டு மாசியில் பொறுக்கவில்லை. படையைத் திரும்பக் கூட்டுவதென்று முடிவு செய்தான்.

பச்சியப்பனுக்கு மீசை அரும்பியிருந்தது. "கழுத வயசாச்சு. துண்டு கட்டிக்கிட்டு ஓடுனா ஊரு சிரிக்கும்டா."

"கடையில குந்திக்கிட்டு பன்னு திங்கறதுக்கு அது தேவல" என்றாள் குள்ளம்மாள். பெயரை மீறி அண்ணனைவிட ஒரு சாண் வளர்ந்திருந்தாள். மூவரும் தையல் கடைக்குப் போனார்கள்.

ஹயாத் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டான். "படத்துல இருந்தவங்களுக்குத் தனியா ஒரு எடம் இருந்துச்சே, நமக்கு எங்க? மொதல்ல எடத்தச் சொல்லு. தோதா இருந்தா வரேன்."

எதைச் சொன்னாலும் தட்டிவிடுவான் என்று மாதுவுக்குத் தெரிந்துவிட்டது. தட்டிவிட்டு, தலை நரைக்கும்வரை அந்த மெஷினிலேயே குந்தியிருப்பான். அவனால் தட்டமுடியாத இடம் ஒன்று வேண்டும்.

மறுநாள் பாழுங்கிணற்றைச் சொன்னான்.

"பச்சியப்பனுக்கு நீச்சல் தெரியுமா?" என்றான் ஹயாத்.

"அதுல தண்ணியே இல்லடா."

"அப்ப பாம்பு இருக்கும். அடுத்தது?"

அதற்கு மறுநாள், முள்ளுக்காட்டோரம் கிடந்த பழைய பஸ். "டயரு இல்லாத வண்டியில படையா? எதிரி வந்தா ஆரன் அடிச்சுக்கிட்டே குந்தியிருப்பியா?" அதற்கடுத்து சந்தைக் கொட்டகை. "சந்த நாளுல படைய எங்க வெப்ப, கத்திரிக்காய்க்குப் பக்கத்துலயா?"

குள்ளம்மாள் சிரித்துச் சிரித்து நூல்கண்டைத் தட்டிவிட்டாள். மாதுவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலாவது நாள் கைவசம் இருந்த கடைசி இடத்தைச் சொன்னான். "உங்க கடைக்குப் பின்னால இருக்கற ரூம்பு."

மெஷின் நின்றது.

"நொண்டி நடக்கத் தேவையில்லாத எடமாப் பாத்துப் புடிச்சியாக்கும்?"

மாது தரையில் கிடந்த வெட்டுத் துணிகளைப் பார்த்தான். அதுதான் உண்மை.

"பழைய எடத்த ஏன்டா யாரும் சொல்லல?" என்றான் ஹயாத்.

"நாப்பத்தேழா? அப்பிடி ஒரு மரமே ரோட்டுல இல்ல."

"நீ அழிச்ச நம்பர எனக்கே சொல்றியா? எதுக்குடா அழிச்ச?"

"சும்மா."

"அது மாயவன் மாமாகிட்டச் சொன்ன பொய்யி. எனக்கு வேற சொல்லு."

மாது காதைச் சொறிந்தான். "நீ ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, அந்த மரம் வந்தா பஸ்ஸுல கண்ண மூடிக்கிறன்னு உங்கப்பா சொன்னாரு. நம்பரு இல்லன்னா எந்த மரம்னு தெரியாதுல்ல... அதான்."

பச்சியப்பன் பன் மெல்லுவதை நிறுத்தினான்.

"கூமுட்ட" என்றான் ஹயாத். "ரெண்டு வருசம் குடியிருந்த மரம்டா அது. நம்பரப் பாத்துத்தான் தெரியணுமா எனக்கு?" சொல்லும்போதே சிரிப்பு பொங்கிவிட்டது. மெஷின் பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பயத்துல மூடுனேன்னா நெனச்ச? தொறந்து பாத்தா ஏறணும்னு தோணும். அதான் மூடுனேன்" என்றான்.

ஊன்றுகோலை எடுத்தான். "அதான் எடம். ஏத்தி வுடு பாக்கலாம்."

மறுநாள் சாயங்காலம் பச்சியப்பன் வீட்டுக் கிணற்று ராட்டினம் நாற்பத்தேழாம் மரத்துக் கிளையில் தொங்கியது. அதில் வண்டிக்கயிறு, கயிற்று முனையில் சாக்குத் தொட்டில், தொட்டிலில் கழுத்தில் கறுந்துண்டோடு ஹயாத். மூன்று பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். பாதி உயரத்தில் ஆடிக்கொண்டு, "மெதுவாடா, நான் புளிமூட்டையா?" என்று ஹயாத் கத்தும்போதுதான், இந்த வருடமும் ஏலம் எடுத்திருந்த மாயவன் ரோட்டில் வந்தார். புளி பழுத்து நிற்கும் மாசியில் ஏலக்காரரைத் தவிர வேறு யார் மரத்தைத் தொட்டாலும் திருட்டுதான்.

"டேய் மாது!"

இந்தக் குரல் கேட்டால் மாதுவின் கால்கள் அவனைக் கேட்காமலே ஓடிவிடும். இன்று ஓடமுடியவில்லை. கை கயிற்றில் இருந்தது. புளியம் விளாரின் முதல் அடி முதுகில் விழுந்தது. அவன் பிடியை இறுக்கினான்.

"கயித்த வுட்டுட்டு இப்பிடி வாடா!"

"வுட முடியாதுங்க மாமா. நீங்க பாட்டுக்கு அடிங்க."

இரண்டாம் அடிக்குக் கை ஓங்கியவர் அப்போதுதான் அண்ணாந்து பார்த்தார். குட்டைக் காலும் நெட்டைக் காலும் அவர் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன.

"சலாமுங்க மாமா" என்றான் ஹயாத் மேலிருந்து. "கொரங்கு, கிளி எது வந்தாலும் நான் ஓட்டறேனுங்க. படைக்கு எடம் மட்டும் குடுங்க."

மாயவன் விளாரைக் கீழே போட்டார். "மூட்ட இழுத்த பயலுவளா நீங்க? கால ஊனிப் புடிங்கடா!" என்று அதட்டி, கயிற்றின் கடைசி முனையைத் தானும் பிடித்தார். நாலு இழுப்பில் ஹயாத் கவையில் போய் உட்கார்ந்தான். அங்கிருந்து தருமபுரி பஸ் வருவது தெரிந்தது. "பஸ்ஸு!" என்று கூவி, இரண்டு கையாலும் துண்டை விரித்துக் காட்டினான்.

கயிற்றை வேரில் கட்டிக்கொண்டிருந்த மாதுவை மாயவன் உற்றுப் பார்த்தார். பிறகு அடிமரத்து நம்பரில் சாய்ந்து நின்ற அந்த ஒன்றைப் பார்த்தார்.

"நெசமாச் சொல்லு. அன்னிக்கு எதுக்குடா இத அழிச்ச?"

"சும்மா தாங்க மாமா."

மாயவன் இந்தத் தடவை நம்பவில்லை.