பிரேக் பிடிக்கவில்லை

பேருந்துப் பணிமனையில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயர் அல்ல. அவர் தலை தெரிந்ததும், "சந்தேகம் வருது, சந்தேகம் வருது" என்று பஸ்களைப் பழுதுபார்க்கும் பிட்டர்கள் ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொண்டு சிகரெட்டை அணைப்பார்கள். அது அவர் காதிலும் விழும். பெயரைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. முதலில் வைத்தவன் யார் என்பதில்தான் சந்தேகம்.

விபத்தில் சிக்கிய பஸ்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக எந்த டிரைவரைக் கேட்டாலும் ஒரே பாட்டுதான்: பிரேக் பிடிக்கவில்லை. சுவரில் மோதினவனும் அதையே சொல்வான், முன்னால் நின்ற லாரியை முத்தமிட்டவனும் அதையே சொல்வான். சந்தேகம் பதிலே பேசமாட்டார். சக்கரத்தைக் கழற்றச் சொல்வார், பிரேக் லைனிங்கின் கனத்தை அளப்பார், பிறகு சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் மூக்கை விட்டு மோந்து பார்ப்பார். நிஜமாகவே அழுத்தியிருந்தால் கருகின வாடை இருக்கும். வாடை இல்லையென்றால் டிரைவரின் கதை கந்தல்.

அறிக்கைப் படிவத்தின் கடைசி வரியில் இரண்டு காரணங்கள் அச்சாகியிருக்கும். ஒன்று 'ஓட்டுநரின் தவறு', இன்னொன்று 'இயந்திரக் கோளாறு'. பொருந்தாததைக் கோடு போட்டு நீக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது முறை அவர் கோடு போட்டது இயந்திரத்தின் மேல்தான். சாக்குச் சொல்கிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

வீட்டிலும் இதே கதைதான். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அழைப்பு மணி அடித்தால் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக வந்தவரின் செருப்பைப் பார்ப்பார். மனைவி யாருடனாவது போனில் சிரித்தால், "எதுக்குச் சிரிச்சே?" என்பார். "உங்களைப் பத்தித்தான்" என்பாள் அவள். அது நிஜமாகவும் இருக்கும்.

இப்படிப்பட்டவரின் தம்பி ஒரு நாள் மத்தியானம், தான் வேலை பார்த்த குளிர்பதனக் கிடங்கில், கதவுக்குக் குறுக்கே போடுகிற இரும்புக் கம்பியை எடுத்துச் சூப்பர்வைசரின் தலையில் அடித்துவிட்டான். அந்த மனிதர் சாகவில்லை. ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. தம்பி ஓடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கம்பியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, போலீஸ் வரும்வரை ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தானாம்.

குற்றம் ஒப்புக்கொண்டாகிவிட்டது. எத்தனை வருஷம் என்பதுதான் பாக்கி. அதற்காக அரசாங்கம் வைத்துக் கொடுத்த வக்கீலம்மா வீட்டுக்கு வந்தாள். சின்ன வயசுக்காரி, கையில் தடித்த பை. சந்தேகம் முதலில் அவள் செருப்பைப் பார்த்தார், பிறகு அடையாள அட்டையைப் பார்த்தார், அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"சார், உங்க அப்பா பெல்ட்டால அடிப்பாருன்னு உங்க தம்பி சொன்னாரு."

"அவனே சொன்னானா, நீங்க கேட்டு வாங்கினீங்களா?"

"நான் கேட்டேன், அவரு சொன்னாரு. கிடங்குல நாலு மாசமா ரெட்டை ஷிப்ட் போட்டிருக்காங்க. அந்த சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் இவரை மாடுன்னுதான் கூப்பிடுவாராம். இதெல்லாம் நீதிபதி காதுக்குப் போகணும். வீட்டு விஷயத்தை நீங்க வந்து சொன்னா எடுபடும். விபத்து கேஸ்ல உங்க அறிக்கையை அந்தக் கோர்ட்டுலயே எத்தனையோ தடவை படிச்சிருக்காங்க. உங்க வாய்க்கு மதிப்பு இருக்கு சார். பத்து வருஷம் நாலா குறையலாம்."

சந்தேகத்துக்கு மூக்கில் வியர்த்தது. பிரேக் பிடிக்கவில்லை என்கிற அதே பாட்டு, இப்போது தன் வீட்டு வாசலிலேயே.

"அவர் எனக்கும் அப்பாதாம்மா. அந்தப் பெல்ட்டு என் முதுகுலயும்தான் விழுந்துச்சு. நான் யார் மண்டையையாவது உடைச்சேனா?"

வக்கீலம்மா பையை மூடினாள். தேதியை ஒரு சீட்டில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தார்.

அதுவரை சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்த மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மூணு வாட்டி வந்தாரே உங்க தம்பி. அதையாவது அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாம்."

"மாடி ரூமுக்கு அடி போட வந்தான். அதைப் போய் கோர்ட்டுல சொல்லணுமா?"

"அவரு ரூம் கேக்கவே இல்லையே."

"கேக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் அப்படித்தான் சும்மா வருவாங்க."

மனைவி அவரைப் பார்த்த பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. தன்னை யாரோ மோந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

மூன்று முறை வந்தது உண்மைதான். முதல் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காபியைக் குடித்துவிட்டுத் தம்பி, "அண்ணே, கை நிக்க மாட்டேங்குது. நேத்து ஒருத்தனை அடிக்கப் போயிட்டேன்" என்றான். இரண்டாம் முறை, "ஒரு பத்து நாள் கிடங்குப் பக்கம் போகாம இருந்தா சரியாயிடும்னு தோணுது" என்றான். மாடியில் பத்து நாளா, அப்புறம் பத்து மாசம் என்பான் என்று இவர் கணக்குப் போட்டார். மூன்றாம் முறை உள்ளேயே விடவில்லை. ஜன்னல் கம்பி வழியாக, "என்ன வேணும்னு நேரா சொல்லுடா" என்றார். "ஒண்ணும் வேணாம்ணே, சும்மாதான் வந்தேன்" என்று திரும்பிப் போனான். அதற்கு மூன்றாவது வாரம்தான் அந்தக் கம்பி.

கோர்ட்டுக்குப் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். தீர்மானித்த மூன்றாம் நாள் பணிமனைக்கு ஒரு பஸ்ஸை இழுத்து வந்தார்கள். இறக்கத்தில் உருண்டு, ஒரு பழக்கடையைத் தரைமட்டமாக்கி, கடைக்காரரின் இரண்டு காலையும் ஒடித்திருந்தது. டிரைவர் வழக்கமான பாட்டைப் பாடினான். சந்தேகம் டிரம்முக்குள் மூக்கை விட்டார். கருகின வாடை குப்பென்று அடித்தது. லைனிங் காகிதமாகத் தேய்ந்திருந்தது.

ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு குறைப் புத்தகம் உண்டு. வண்டியில் என்ன கோளாறு என்று டிரைவர் அதில் எழுதுவான். பிட்டர் பார்த்துச் சரிசெய்து கையெழுத்துப் போடுவான். அதை வரவழைத்துப் புரட்டினார். அந்த மாதத்தில் மட்டும் மூன்று இடங்களில் டிரைவரின் கோணல் எழுத்து: 'பிரேக் லூசாக உள்ளது.' ஒவ்வொன்றுக்கும் கீழே, 'பார்க்கப்பட்டது, சரியாக உள்ளது' என்று பிட்டரின் கையெழுத்து.

பிட்டரைக் கூப்பிட்டு நிறுத்தி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "மூணு தடவை எழுதியிருக்கான்யா! உன் கண்ணு எங்க இருந்துச்சு?"

பிட்டரின் முகத்தில் ஈயாடவில்லை. "இல்லண்ணே... அந்த ஆளு எப்பவுமே ஏதாவது எழுதிக்கிட்டே இருப்பாரு. டியூட்டிக்கு டிமிக்கி குடுக்கத்தான் எழுதுறாருன்னு நெனச்சேன். சக்கரத்தைக் கழட்டிப் பாக்கல."

சந்தேகம் மேலே திட்டத் தொடங்கினார். அந்த மூன்று கோணல் வரிகள் மறுபடி கண்ணில் பட்டன. பிட்டர் கைகட்டி நிற்க, இவர் குறைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சை யாரோ திருகுவது போல வலித்தது. மாரடைப்போ என்று சந்தேகப்பட்டார். அது மாரடைப்பு அல்ல.

அன்றைய படிவத்தில் எந்தக் காரணத்தின் மேலும் அவர் கோடு போடவில்லை. பிரேக் லூசு என்று தெரிந்தும் டிரைவர் அந்த இறக்கத்தில் வேகமாகத்தான் வந்திருந்தான்; தெருக்காரர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். மேலாளர், "ஒண்ணுல கோடு போடுங்க சார்" என்று படிவத்தைத் திருப்பி அனுப்பினார். மறுபடி அப்படியே அனுப்பினார் இவர்.

விசாரணை நாளில் கோர்ட்டு நடைபாதையில் ஒரு பெண் அவரை வழிமறித்தாள். அடிபட்ட சூப்பர்வைசரின் மனைவி. தோளில் பெரிய துணிப்பை, கண்ணில் தூக்கமே இல்லை.

"அவனோட அண்ணன்தானே நீங்க? போய்ச் சொல்லுங்க. உங்க தம்பிக்கு எத்தனை காரணம் வேணும்னாலும் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் பேச்சில்லாம கெடக்காரே, அதுக்கு ஒரு காரணம் சொல்லிட்டுப் போங்க."

நூறு டிரைவர்களின் வாயை அடைத்தவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார், சிரித்த முகம். "ஒரே அப்பா, ஒரே வீடு, ஒரே பெல்ட்டு. நீங்க யாரையாவது கம்பியால அடிச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"அப்போ உங்க தம்பி மட்டும் ஏன் அடிச்சாரு?"

சந்தேகம் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே வீடு இல்லைங்க. எனக்குப் பதினெட்டு வயசுல டிரெயினிங்குன்னு ஹாஸ்டலுக்குக் கிளம்பிட்டேன். அவனுக்குப் பதிமூணு. ரெண்டு பேருக்கு விழுந்துகிட்டிருந்தது அப்புறம் அவன் ஒருத்தன் மேலயே விழுந்துச்சு. அதுக்காக அவன் செஞ்சது சரின்னு நான் சொல்லல. அந்தக் கம்பி தானா எழுந்து வரல, அவன்தான் எடுத்தான். அவனுக்குத் தண்டனை குடுங்க. ஆனா அவன் மூணு தடவை என்கிட்ட வந்தான். கை நிக்க மாட்டேங்குதுன்னு வாய்விட்டுச் சொன்னான். ஒரு டிரைவர் அப்படி எழுதினா வண்டியை ஓரங்கட்டணும். நான் சக்கரத்தைக்கூடக் கழட்டல. மாடி ரூமைக் கேக்க வந்திருக்கான்னு நெனச்சு, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டேன். அதையும் எழுதிக்குங்க ஐயா."

நீதிபதி பேனாவை எடுக்குமுன் குற்றவாளிக் கூண்டிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "அண்ணனை விட்டுருங்க ஐயா. கம்பியை எடுக்கும்போது எனக்கு அப்பா ஞாபகமும் இல்ல, அண்ணன் ஞாபகமும் இல்ல. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பி நின்னாரு. நான் அடிச்சேன்."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நாலு வருஷத் தண்டனை என்கிற நம்பிக்கை கையை விட்டுப் போனது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பின் வரிசையில் சூப்பர்வைசரின் மனைவி முதல் முறையாக அழுதாள். சந்தேகம், பழக்கதோஷத்தில், இது இரக்கத்துக்காகப் போடுகிற நாடகமோ என்று தம்பியின் முகத்தைத் துருவினார். எங்கே தேடியும் நாடகம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏழு வருஷம் என்று தீர்ப்பானது.

மூன்றாவது வாரம் சந்தேகம் சிறைக்குப் போனார். யாரும் கூப்பிடவில்லை, வக்கீலம்மா சொல்லவில்லை, மனைவிகூடத் தூண்டவில்லை. வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் தம்பி வந்து நின்றான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவன் உட்காரவில்லை. முதலில் குனிந்து அண்ணனின் செருப்பைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான்.

"என்ன விஷயமா வந்தே?"

"சும்மாதான்டா வந்தேன்."

"வீட்டுப் பத்திரத்துல ஏதாவது கையெழுத்து வேணுமா?"

"இல்லடா. உன்னைப் பாக்கத்தான்."

தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும்.

"என்ன வேணும்னு நேரா சொல்லுண்ணே" என்றான்.