முழங்காலால் ஏறிய மலை

எங்கள் ஜில்லாவில் கால் மைல் ஓட்டத்தில் என்னை ஜெயிக்க அப்போது ஆள் கிடையாது. பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன! சித்தூரில் நடந்த பள்ளிக்கூடப் போட்டியில் நான் ஓடியதைப் பார்த்துவிட்டு, பட்டணத்துக் காலேஜ் ஒன்றின் விளையாட்டு வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிட்டு வா தம்பி. எங்க மைதானத்துல ஒரு தடவை ஓடிக் காட்டு. ஹாஸ்டல், படிப்பு எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

பாஸ் பண்ணினேன். வேலூரிலும் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. மாமா வீட்டில் தங்கிக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஓடுவதற்கு இடமே இல்லை. மைதானம் இல்லாத காலேஜில் எனக்கு என்ன வேலை? பட்டணம்தான் என்று நைனாவிடம் சொல்லிவிட்டேன். உலக யுத்தம் முடிந்து, பட்டணத்தில் குண்டு விழும் என்ற பயம் தீர்ந்திருந்த சமயம். அவரும் சரி என்றார்.

அம்மாதான் குறுக்கே வந்தாள். நான் பாஸானால் என்னை முழங்காலாலேயே மலைப்படி ஏறவைப்பதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாளாம். என்னைக் கேட்டாளா? கேட்கவில்லை. "கால் குடுத்தவரு அவரு. காலாலயே செய்யணும்டா" என்றாள்.

"பட்டணம் போய் வந்து செய்யறேம்மா."

"வேண்டுதலைப் பாக்கி வச்சிகினு ரயில் ஏறுவியா? ஓடும்போது தடுக்கி விட்டுட்டார்னா?"

அந்த ஒரு சொல் என்னையும் பிடித்துக்கொண்டது. ஒத்துக்கொண்டேன்.

கத்திரி வெயில். அம்மா குடத்தோடு முன்னால் போய்ப் படிக்குப் படி தண்ணீர் ஊற்றுவாள். நான் முட்டி வைப்பதற்குள் கல் காய்ந்துவிடும். பாதி மலையில் தோல் உரிந்துவிட்டது. அதைப் பார்த்து அம்மாவே அழுதாள். "போதும்பா, எழுந்து நட. அவரு ஒத்துக்குவாரு" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. பாதி வேண்டுதலோடு ஓடப்போகிறவனுக்கு ஜெயம் எங்கிருந்து வரும்?

அடுத்த வாரம் பட்டணத்தில் நின்றபோது இரண்டு முட்டியும் பனங்காய் மாதிரி வீங்கியிருந்தன. மடக்கவே முடியவில்லை. ஓடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, நொண்டினேன். வாத்தியார் திட்டவில்லை. "சித்தூர்ல நான் பார்த்தது உன்னைத்தானா தம்பி?" என்று மட்டும் கேட்டார். வேண்டுதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்த ஒரே இடத்தை வேறு பையனுக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டு வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். "இன்னாடா ஆச்சி?" என்றாள். "கிடைக்கலம்மா" என்றேன். என் முட்டிகளைப் பார்த்தாள், அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? சாமி மேலா, அழுதுகொண்டிருந்தவள் மேலா? சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன்.

வேலூருக்குத்தான் போனேன். முட்டி வலி தீபாவளிக்குள் போய்விட்டது. ஆனாலும் ஒவ்வொரு லீவுக்கும் நான் வந்ததும் வராததுமாக அம்மா விளக்கெண்ணெயைச் சுடவைத்து எடுத்துவந்து, என் காலை மடியில் இழுத்துவைத்துக்கொள்வாள்.

"இன்னும் வலிக்குதாடா?"

இல்லை என்றால், "அப்போ மறுபடியும் பட்டணம் போய் ஓடிக் காட்டேன்டா" என்பாள். ஓடாமல் கிடந்த கால் இனி அந்த ஓட்டம் ஓடாது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

"ஆங், கொஞ்சம் வலிக்குதும்மா" என்பேன். அவள் இன்னும் அழுத்தித் தேய்ப்பாள்.