ஏட்டையாவின் வண்டி

போன வாரம் ஐந்தருவிக்குப் போயிருந்தேன். சாரலில் நனைந்தபடி ஒரு பைக் வந்து நின்றது. சூடான சைலன்சரில் தூறல் விழும்போது கருகல் வாடை ஒன்று வருமே, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அது மூக்கில் ஏறியதும் குளிக்கிற ஆசையே போய்விட்டது.

இசக்கி ஞாபகம் வந்துவிட்டான். தென்காசியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிடைத்த சிநேகிதன். அவன் அப்பா போலீஸ் ஏட்டு. கீழப்பாவூரில் எல்லோருக்கும் ஏட்டையா. அவர் வண்டி வரும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். நான் அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தால், அந்தச் சத்தம் கேட்டதுமே அவன் அம்மா அவருக்கும் ஓர் இலையைப் போட்டுவிடுவார். ஏட்டையா இறந்த பிறகு வண்டி சாக்குப் போர்த்திக் கிடந்தது. சரிபண்ணி ஓட்டும்படி அம்மாதான் சொன்னார்.

இசக்கிக்கோ செல்போனில் பார்த்த கஃபே ரேசர் பைக் மேல் கிறுக்கு. தாழ்ந்த ஹேண்டில், முதுகை வளைத்து ஓட்ட வேண்டும், ஒற்றை சீட்டு. தென்காசியில் ஒரு வெல்டிங் பட்டறையில் வைத்துப் பிரித்தோம். போல்ட்டைத் தொலைப்பதும் புரோட்டா வாங்கி வருவதும் என் பங்கு. ஆனாலும் காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஆபீசில் ‘நம்ம வண்டி’ என்றுதான் பீற்றிக்கொண்டேன்.

முதலில் கழற்றியது சேலைக் கம்பியை. பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்து போகும்போது சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க மாட்டியிருப்பார்களே, அதுதான். பிறகு பின்சட்டத்தை அறுத்தோம். நீள சைலன்சருக்குப் பதில் குட்டையாக ஒன்று போட்டோம். கழித்ததையெல்லாம் பழைய இரும்புக்காரர் அள்ளிக்கொண்டு போனார்.

சாப்பிடப் போகும்போதெல்லாம் அம்மா, சாரல் சீசனுக்குள் முடிந்துவிடுமா என்று கேட்பார். எங்கள் வேலையில் எவ்வளவு அக்கறை என்று நாங்கள் பூரித்துப் போவோம்.

முடிந்தது. ஞாயிறு காலையில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். அம்மா தலையில் எண்ணெய் வைத்து, மாற்றுச் சேலையும் சீயக்காயும் போட்ட வயர்கூடையோடு வெளியே வந்தார். முதல் சாரலுக்கு ஏட்டையா அவரைப் பின்னால் உட்காரவைத்து ஐந்தருவிக்குக் கூட்டிப் போவது வருஷா வருஷம் நடப்பது. இசக்கிக்குத் தெரியாததல்ல, அந்தக் கிறுக்கில் மறந்தே போனான். அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“ஏலே, நான் எங்கன உக்கார?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

அடுத்த வாரமே வேறொரு பின்சட்டத்தை ஒட்டவைத்து, நீள சீட்டும் புதிய சேலைக் கம்பியும் மாட்டி வந்தான். அம்மா ஆசையாகத்தான் ஏறினார். தெருமுனை தாண்டவில்லை, அவன் தோளைத் தட்டி நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார்.

“வேற யாரு வண்டியிலயோ போற மாதிரி இருக்குலே. சத்தம் அவரு வண்டி சத்தமே இல்ல. நீ போ, நான் பஸ்ல வாரேன்.”

பஸ்ஸில் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். பழைய சைலன்சரைத் தேடித் தென்காசியில் இரும்புக்கடை இரும்புக்கடையாக அலைந்தோம். கிடைக்கவில்லை. அதே மாதிரி வேறொன்று வாங்கி மாட்டிக் காட்டினான். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இதுவும் இல்லை என்று உள்ளே போய்விட்டார். அடுத்த சாரலுக்கு அவர் இல்லை. இசக்கி வண்டியை விற்றுவிட்டுப் பெங்களூருக்குப் போனான்.

ஏட்டையா வண்டிச் சத்தத்தை நானும் எத்தனையோ தடவை கேட்டவன். இப்போது நினைவில் கொண்டுவரப் பார்க்கிறேன். நாங்கள் மாட்டிய குட்டை சைலன்சரின் உறுமல்தான் வருகிறது.