கஞ்சி விற்கப் போன மாப்பிள்ளை

என் கணவர் பட்டதாரி. அரச நியமனம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று காத்திருந்தவர்களில் ஒருவர். கல்யாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி என் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த பிறகும் நியமனம் வந்தபாடில்லை. நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்த நேரம், கட்டாருக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் அவரைப் பிடித்துவிட்டார். அண்ணன் என்ற முறையில் ஊரே காக்கா என்று கூப்பிடும் மனிதர் அவர். விசா சரிவந்தால் பெருநாள் கழிந்ததும் பயணம். பிள்ளை பிறக்கும்போது வாப்பா பக்கத்தில் இருக்கமாட்டார் என்று நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கல்முனையில் இளைஞர்களுக்குச் சுயதொழில் வகுப்பு ஒன்று நடந்தது. நச்சரித்து அனுப்பினேன். ஊரில் எல்லா வீட்டுக்கும் தினமும் தேவைப்படுவது எது என்று பார்க்கச் சொன்னார்களாம். மனிதர் பெரிய ஞானம் பெற்றவர் போல வந்து கதிரையில் அமர்ந்தார்.

"புள்ள, நோம்பு வருது. ஊர்ல கஞ்சி குடிக்காத வீடு ஒண்டு இரிக்கா?"

"இல்ல."

"அப்ப கஞ்சி விப்பம்!"

எனக்கும் அது பிரமாதமான யோசனையாகவே பட்டது.

முதல் நோன்பன்று இறைச்சி, தேங்காய்ப்பால், ரம்பை இலை எல்லாம் போட்டுக் கமகமவென்று பெரிய சட்டி நிறையக் காய்ச்சினோம். வீதியோரம் மேசை போட்டார். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சனம் திரண்டு வந்தது. எங்கள் மேசையைத் தாண்டி, வாளியும் தூக்குச்சட்டியுமாகப் பள்ளிவாசலுக்குப் போனது. நோன்பு மாதம் முழுக்கப் பள்ளியில் ஊருக்கே கஞ்சி காய்ச்சிச் சும்மா கொடுப்பார்கள். நாங்கள் இருவரும் அதைக் குடித்தே வளர்ந்தவர்கள். அதுகூட நினைவில்லாமல் வியாபாரத் திட்டம் போட்டிருக்கிறோம்!

பள்ளியிலிருந்து திரும்பிய ஒருவர் எங்கள் மேசையருகே நின்று தன் வாளியை நீட்டினார்.

"தம்பி, நீங்களும் கொஞ்சம் எடுங்களன்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் கணவர் சிரிக்கவில்லை. "நான் கட்டாருக்கே போறன்" என்றார். என் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

கஞ்சியை அயலுக்குப் பங்கிட்டேன். பின்வீட்டில் ஒரு கிறிஸ்தவ அக்கா, ஆஸ்பத்திரியில் தாதி. மறுநாள் காலையில் கழுவிய பாத்திரத்தோடு வந்து நின்றார்.

"நோம்புக் கஞ்சியெண்டா எனக்கு உயிர், தங்கச்சி. அதுக்காகச் சட்டியத் தூக்கிக்கொண்டு பள்ளியில போய் நிக்க ஏலுமா? எங்கட வார்ட்டில நோம்போட வேலை செய்யிற பிள்ளைகளும் பாவம், தண்ணியும் ஈச்சம்பழமும்தான். காசுக்குக் கொண்டு வந்து தருவீங்களா?"

உள்ளே படுத்திருந்த மனிதர் எழுந்து வந்த வேகத்தைப் பார்க்கவேண்டும்!

பள்ளிக்குப் போக முடியாதவர்கள் ஊரில் இவ்வளவு பேர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி, பஸ் டிப்போ, நோன்பு திறக்கும் நேரத்திலும் பூட்ட முடியாத கடைகள் என்று மூடி போட்ட கோப்பைகளோடு மோட்டார் சைக்கிளில் பறந்தார். ஒருநாள் பாதிக் கஞ்சியைத் தன் காற்சட்டையிலேயே கொட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவரும் சிரித்தார்.

கடைசி நோன்புகளில் அந்த அக்கா கேட்டார்: "பெருநாளுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடியக்காலையில இலைக்கஞ்சி தருவீங்களா? வார்ட்டில எல்லாரும் கேக்கிறாங்க." என் கணவர் தலையைச் சொறிந்துகொண்டே கோப்பைகளுக்கு மூடி போடத் தொடங்கினார். கட்டார்ப் பயணத்தைப் பற்றி அவரிடம் கேட்கப் பயமாக இருந்தது.

பெருநாள் தொழுதுவிட்டு வந்து வட்டிலாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏஜென்ட் போனில் அழைத்தார். விசா வந்துவிட்டதாம். என் கணவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"காக்கா, கோவிக்காதீங்க. நான் வரல்ல. நாளைக்கு விடிய ஆஸ்பத்திரிக்கு ஓடர் எடுத்திட்டன்."

அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள்.

"ஓம் காக்கா, கஞ்சிதான்."

கொஞ்சமும் கூசாமல் அவர் அதைச் சொன்னதும், பெருநாள் உடுப்போடு நான் ஓவென்று அழத் தொடங்கினேன்.