நேர்முகத் தேர்வுக்கு ஒரு சண்டை

நான் குடியிருக்கும் ஊரில் வேலை தேடுகிற பிள்ளைகள் கைவசம் ஒரு சண்டை வைத்திருக்க வேண்டும். நிஜமாகத்தான் சொல்கிறேன். கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில், படிப்பு முடியப்போகும் மாணவர்களுக்கு வேலைக்கு வழிகாட்டுவது என் உத்தியோகம். காலையில் கதவைத் திறந்ததும் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்து, "என்னிடம் நல்ல சண்டையே இல்லை" என்று கண்ணைக் கசக்கும். "யாருடனாவது உங்களுக்கு வந்த முரண்பாட்டையும் அதைத் தீர்த்த விதத்தையும் சொல்லுங்கள்" என்று நேர்முகத் தேர்வில் கேட்பது இங்கே சம்பிரதாயம். அந்தச் சண்டைக்கு ஒரு பக்குவம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வைக்கிற பலகாரம் போல அளவாக இருக்க வேண்டும். யாரும் யாருடைய தாயையும் இழுக்கக் கூடாது. முடிவில் இரண்டு பேரும் ஏதாவது கற்றுக்கொண்டு கைகுலுக்க வேண்டும். சண்டை இல்லாத பிள்ளைகளுக்கு நான் ஒன்று செய்து கொடுப்பேன். அதற்குத்தான் சம்பளம்.

என்னையும் ஒருநாள் இதே கேள்வியைக் கேட்டார்கள். தாவரவியல் படித்து, இலங்கையில் ஹட்டன் கடையொன்றில் போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் போட்டு, இங்கே வந்து பீட்சா சுமந்து, வேலை கிடைக்காமல் இருப்பதில் நல்ல தேர்ச்சி பெற்றபின் இந்த உத்தியோகத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். மஸ்கெலியாப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், திருவிழாவுக்கு மாதா சுரூபத்தை யார் தூக்குவது என்று வரிசை வீடுகளான மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் வந்த சண்டையைச் சொன்னேன். "எப்படித் தீர்த்தீர்கள்?" என்றார்கள். "இப்போது இரண்டு மாதா கெபிகள் இருக்கின்றன" என்றேன். கேள்வி கேட்ட மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்து, நகைச்சுவை உணர்வு உள்ளவர் என்று வேலையைக் கொடுத்துவிட்டார்கள். நான் ஒரு பகிடியும் விடவில்லை. மேல் லயத்துக்காரர்கள் இன்றைக்கும் கீழ் லயத்தார் கட்டிய கெபிக் குகையில் ஒரு மெழுகுதிரி கொளுத்த மாட்டார்கள்.

இந்தப் பெருமையோடுதான் போன ஆடியில் ஊருக்குப் போனேன். தங்கச்சி ரீட்டாவின் மகள் டிலானிக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். கொழும்பில் ஒரு கம்பெனியில் பயிற்சி வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். நேர்முகத் தேர்வு ஒன்லைனில். அவளுக்கு முன்னால் படித்து வெளியேறிய பிள்ளைகள் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, ஹட்டன் புடவைக் கடைகளில் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். இது தவறினால் அவளுக்கும் அதே மேசைதான் என்று ரீட்டா ஒவ்வொரு நாளும் ஜெபமாலையோடு சேர்த்துச் சொன்னாள். ஆகவே கனடாவிலிருந்து நிபுணர் வந்து இறங்கினார். மழையில் நனைந்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, லயத்துப் படியில் ஒருமுறை வழுக்கியும் விழுந்தார்.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக் காம்பராவில் நேர்முகத் தேர்வு நடத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. இந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் மூன்றாவது காம்பராவிலிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும். போதாததற்கு, எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்தச் சுவரின் அடியில்தான். சுவருக்கு அந்தப் பக்கம் லெட்சுமி.

லெட்சுமிக்கும் ரீட்டாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏச்சுவார்த்தை மட்டும் உண்டு. காரணம் வாசலில் மழைத்தண்ணீர் ஓடும் கான். வீட்டைத் திருத்தச் சொல்லி நான் அனுப்பிய காசில் ரீட்டா முதலில் எங்கள் வாசல் கானுக்குச் சிமெந்து போட்டு உயர்த்திவிட்டாள். மழை பெய்தால் தண்ணீர் இப்போது எங்கள் வாசலை மரியாதையோடு சுற்றிக்கொண்டு லெட்சுமியின் அடுப்படிக்குள் போகிறது. வெளிநாட்டுக் காசு ஊரை வளர்க்கிறது என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். என் காசு பக்கத்து வீட்டில் ஒரு ஆற்றை உண்டாக்கியிருந்தது.

நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் டிலானிக்குப் பயிற்சி. மடிக்கணினிக்கு முன்னால் அவளை உட்கார வைத்து, நான் அவளுக்காகச் செய்து வைத்திருந்த சண்டையைச் சொல்லிக் கொடுத்தேன். பல்கலைக்கழகத்தில் நான்கு பேர் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார்கள், ஒருவன் வேலை செய்யவில்லை, டிலானி அவனோடு மனம்விட்டுப் பேசினாள், அவன் திருந்தினான்.

"அப்படி யாரும் திருந்தலயே மாமா. அவன் பேரையும் போட்டுக் குடுத்துட்டு, நாங்க பின்னால ஏசிக்கிட்டுதான் இருந்தோம்" என்றாள்.

"அத அங்க சொல்ல முடியுமா புள்ள? இது பொய் இல்ல, தயாரிப்பு."

"அப்ப கான் தண்ணி அடுத்த வீட்டுக்குப் போகலன்னு எங்கம்மா ஊரெல்லாம் சொல்றதும் தயாரிப்புதானா?"

சுவருக்கு மேலாக லெட்சுமியின் குரல் இறங்கி வந்தது. "நல்லாக் கேளுடி அந்தக் கனடாக்காரர!"

"ஒன்னய யாரு கேட்டது? ஓன் சட்டியப் பாருடி!" என்று ரீட்டா அடுப்படியிலிருந்து பதில் கொடுத்தாள்.

"சட்டிதான் மெதக்குதே, எங்கிட்டு பாக்குறது?"

இந்த நிலையில் நாளைக்குக் கொழும்போடு பேசுவது ஆகாது என்று தெரிந்தது. ஒரு சாக்லெட் பெட்டியை எடுத்துக்கொண்டு லெட்சுமி வீட்டு வாசல் இஸ்தோப்பில் போய் நின்றேன். முதலில் எதிராளியின் உணர்வை அங்கீகரிக்க வேண்டும் என்பது என் தொழிலின் பாலபாடம். "ஒங்க மனசு எனக்குப் புரியுதுங்க" என்றேன்.

லெட்சுமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "மனசு புரிஞ்சி என்னாங்க செய்ய? தண்ணி அடுப்படிக்குல்ல வருது."

"நாளைக்குப் புள்ளைக்கு இன்டர்வியூங்க. ஒரு மணி நேரம் மட்டும் கொஞ்சம் சத்தம் இல்லாம…"

"சிமெந்த ஒடைச்சி விடச் சொல்லுங்க. வாயக் கட்டிக்கிறேன். இல்லாட்டி என் வீட்ல நான் பேசுவேன், பாடுவேன், ஒலக்கையப் போட்டு இடிப்பேன். சாக்லெட்ட ஒங்க தங்கச்சிக்கே குடுங்க அண்ணே, வாய் இனிக்கட்டும்."

கனடாவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமரசம் கற்பித்த நான் சாக்லெட் பெட்டியோடு திரும்பி வந்தேன். டிலானி சிரிக்கவில்லை. அதுதான் கூடுதலாகக் குத்தியது.

மறுநாள் நான் கொண்டுபோயிருந்த விலைகூடிய ஹெட்போன் அவளுடைய பழைய மடிக்கணினியோடு சேரமாட்டேன் என்றது. சத்தத்தை வெளியே விட வேண்டியதாயிற்று. திரையில் ஓர் அம்மாவும் ஒரு கழுத்துப்பட்டி ஆளும் தோன்றினார்கள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்கள். டிலானி நன்றாகவே பேசினாள். லெட்சுமி வீட்டில் ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. சுவரில் காதை வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த ஆள் ஊரைக் கேட்டார். நான் சொல்லிக் கொடுத்தபடி "ஹட்டன்" என்றாள். டவுனா? இல்லை, மஸ்கெலியாப் பக்கம். மஸ்கெலியாவில் எங்கே? ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, தோட்டத்தின் பெயரைச் சொன்னாள்.

அந்த ஆளின் முகத்தில் ஏதோ மூடிக்கொண்டது. கொழும்பில் தங்குவாயா, வீட்டார் அடிக்கடி கூப்பிடுவார்களா, பாதியில் கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விடுவாயா என்று துருவ ஆரம்பித்தார். நடுவில் புகுந்து அந்த அம்மாதான் என் அபிமானக் கேள்வியைக் கேட்டார்: உங்களுக்கு வந்த ஒரு முரண்பாட்டைச் சொல்லுங்கள். டிலானி திருந்திய மாணவனின் கதைக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த ஆள் அம்மாவிடம் சிங்களத்தில், சிரித்துக்கொண்டே, "இதையா கேட்கிறீங்க? தோட்டத்து ஆட்களுக்குச் சண்டை இல்லாமல் சோறே இறங்காதே" என்றார். டிலானிக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்தாரோ, தெரிந்தால்தான் என்ன என்று நினைத்தாரோ.

லெட்சுமி கலியாணத்துக்கு முன் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவர். அவருடைய சிங்களம் என் ஆங்கிலத்தைவிடச் சுத்தம். சுவருக்கு மேலிருந்து விழுந்ததைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "எவன்டா அது? இந்தக் குடும்பத்த ஏசறதுக்கு நாங்க இருக்கோம். நீ யாருடா நடுவுல?"

நான் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன்; மேசை சிறியது. அந்த அம்மா மெதுவாக, சிங்களத்திலேயே, "யார் அது?" என்று கேட்டார்.

டிலானி என் கதையைக் கைவிட்டாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு சிங்களத்திலேயே சொன்னாள்: பக்கத்து வீட்டுக்காரர். அவரோடு எங்களுக்குச் சண்டை. பிழை எங்கள் பக்கம். மாமா அனுப்பிய காசில் அம்மா கானுக்குச் சிமெந்து போட்டார். தண்ணீர் அவர் வீட்டுக்குள் போகிறது. அம்மாவிடம் பலமுறை சொல்லிவிட்டேன், கேட்கவில்லை. மழை நாளில் அம்மா தூங்கியபிறகு நானே போய் மண்வெட்டியால் தண்ணீரைத் திருப்பிவிடுகிறேன். சண்டை தீரவில்லை. நீங்கள் கேட்டது தீர்த்த சண்டை. என்னிடம் இருப்பது இதுதான்.

அந்த அம்மா ஏதோ எழுதிக்கொண்டார். அந்த ஆள் கழுத்துப்பட்டியைத் தடவிக்கொண்டார். இணைப்பு அறுபடுவதற்குள் சுவருக்கு அப்பால் வெற்றி முழக்கம் கேட்டது: "கேட்டுக்கிட்டியா ரீட்டா? ஓன் வயித்துல பொறந்ததே சொல்லிருச்சு!"

ரீட்டா அகப்பையோடு அடுப்படியிலிருந்து வந்தாள். "பெத்த தாயக் கொழும்பு வரைக்கும் காட்டிக் குடுத்துட்டியேடி! அண்ணே, இதுக்குத்தான் பிளேன் ஏறி வந்தீங்களா?" டிலானி மடிக்கணினியை மூடினாள். "சந்தோஷமா மாமா? தயாரிப்பு போதுமா?" என்று மட்டும் கேட்டாள். நான் கனடா திரும்பும் வரைக்கும் அந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை.

கனடாவுக்கு வந்து பனிச் சப்பாத்தைத் தேடி எடுத்த சமயம் டிலானி அழைத்தாள். வேலை கிடைத்துவிட்டது. அந்தக் கழுத்துப்பட்டி ஆளுக்குக் கீழே. நான் உடனே என் தொழிலைத் தொடங்கினேன்: மதிக்காத இடத்தில் வேலை செய்யக் கூடாது, மனநலம் முக்கியம், இன்னும் நாலு இடம் பார்க்கலாம்.

"எந்த நாலு எடம் மாமா? பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள். அவளே தொடர்ந்தாள். "போறேன். அந்தாளு சிரிச்சா நானும் பல்லக் காட்டுவேன். ரெண்டு வருஷம். அப்புறம் அந்தாளு கையாலயே எனக்கு நல்ல பேர் எழுதி வாங்கிக்கிட்டு, அதக் காட்டியே வேற எடத்துக்குப் போவேன்."

இத்தனை வருஷத்தில் என் அறைக்கு வந்த எந்தப் பிள்ளையும் இவ்வளவு தெளிவான திட்டத்தோடு வந்ததில்லை. அதில் யார் மேலும் அன்பு என்று எதுவும் இல்லை. என் மேலும்தான்.

அவள் கொழும்புக்குப் போன பிறகு ரீட்டா என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில் நான் இருக்கும்போது, அங்கே மாலையில், அழைப்பாள். மகள் முதல் மாதச் சம்பளத்தில் சேலை அனுப்பியதை அன்றைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்லாம் மாதா குடுத்தது" என்றாள்.

"மாதாவா? என் வாய் குடுத்தது! நான் அன்னிக்குக் கத்தலன்னா ஓன் மவ ஹட்டன்ல துணி மடிச்சிக்கிட்டுதான் இருப்பா. சேல எனக்குல்ல வரணும்!" என்றது தூரத்துக் குரல்.

"ஓன் வாயாலயா? ஓன் வாயால வந்த வேலைய நாயும் பாக்காதுடி!"

போனிலிருந்து மஸ்கெலியா பொங்கி வழிந்தது. பக்கத்து இருக்கையில் காப்பிக் குவளையோடு இருந்த வெள்ளைக்கார அம்மா என்னைக் கவலையோடு பார்த்து, எல்லாம் நலமா என்றார். "என் மருமகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அதைப் பற்றிப் பேசுகிறார்கள்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "எவ்வளவு பாசமான குடும்பம்!" என்றார். நான் நன்றி சொன்னேன்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க, சிமெந்த ஒடைக்கணுமா, வேணாமா?" என்றாள் ரீட்டா.

"ஆமா, சொல்லச் சொல்லு! காசு குடுத்தவரு அவருதானே!" என்றார் லெட்சுமி.

இரண்டு பேரும் ஒரேயடியாக அமைதியானார்கள். உடைக்க வேண்டும் என்பதுதான் பதில். வாயைத் திறந்தேன். பஸ் நின்றது. கதவு திறந்து ஒரு கைப்பிடிக் குளிரை உள்ளே அள்ளிப் போட்டது. நான் இறங்க வேண்டிய இடம்.

"லைன் சரியில்ல ரீட்டா, ஒண்ணும் கேக்கல. மொதல்லருந்து சொல்லுங்க" என்றேன்.

இரண்டு பேரும் உற்சாகமாக முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கதவு மூடியது. நான் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே என் நிறுத்தம் பனிக்குள் பின்னால் போய்க்கொண்டிருந்தது.